தங்க மயிலும் பெயர்ந்த ஊர்களும்

1991 ஜனவரியில், பொங்கலை ஒட்டிய நாட்களில், நெய்வேலியிலிருந்து நானும் என் நண்பனும் மெட்ராசுக்குப் பஸ் ஏறினோம். வீட்டில் சொன்ன காரணம் ஏதோ பரீட்சை விண்ணப்பம். உண்மையான காரணம் அங்கே நடந்துகொண்டிருந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழா. அதைவிட உண்மையான காரணம் ஒன்று உண்டு. விழாப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை என்பதை எங்கள் பிளாக்கில் யாரோ கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். "கட் இல்லாம அப்படியே காட்டுறாங்களாம்டா" என்ற ஒரு வாக்கியம் போதும், 19 வயதில் 200 கிலோமீட்டர் போவதற்கு.

டிக்கெட் வரிசை நீளமாக இருந்தது. நின்றவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்றவர்கள்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர் வேறு ரகம். தோளில் ஜோல்னாப் பை, கையில் விழாப் புத்தகம், அதன் ஓரங்களில் பென்சில் குறிப்புகள். ஃபிலிம் சொசைட்டி ஆசாமி. நேரம் போகவேண்டுமே என்று கேட்டேன்.

"சார், இதுல எந்தப் படம் சார் ஜெயிக்கும்?"

"ஜெயிக்கிறதா? இந்த விழாவுல போட்டியே கிடையாது தம்பி."

"அப்புறம் எதுக்கு சார் விழா?"

அவர் சிரித்தார். "படம் பாக்கத்தான்." கொஞ்சம் கழித்து, எங்களைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, "முன்னாடி போட்டி இருந்துச்சு. மொத தடவ வச்சப்ப தங்க மயில யாரு தூக்கிட்டுப் போனா தெரியுமா? சிலோன்காரர்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்த படம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. நாங்கள் எதிர்பார்த்த எதுவும் அதில் இல்லை. ஒரு கிழவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். நெடுநேரம் காட்டினார். நண்பன் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. அந்த முற்றமும் தொட்டியும் சேறும் எனக்குத் தெரிந்த ஓர் இடம்போல இருந்தன.

அன்று வரிசையில் கேட்ட கேள்வி என்னோடு தங்கிவிட்டது. போட்டி இல்லாத விழா எதற்கு? போட்டி இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இந்த விழாவின் பட்டியலைப் பத்திரிகையில் தேடிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. வென்ற படத்தைவிடப் போட்டியில் நின்ற படங்களின் வரிசைதான் எனக்குச் சுவாரசியம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை வைத்தார்கள் என்பதில் அந்தந்தக் காலம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பது தெரிந்துவிடுகிறது.

*

முதல் விழா 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கியது. ஃபிலிம்ஸ் டிவிஷன் நடத்தியது. 23 நாடுகள், சுமார் 40 கதைப்படங்கள், 100 குறும்படங்கள். பம்பாயோடு நிற்கவில்லை. மெட்ராஸ், டெல்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகப் போனது. சர்க்கஸ் கூடாரம் போல. இன்றைக்கு யோசித்தால் அதுதான் அந்த விழாவின் பெரிய விஷயம் என்று படுகிறது. படம் பார்க்கிறவர்கள் விழாவைத் தேடிப் போகவில்லை, விழா அவர்களைத் தேடி வந்தது.

அந்த விழாவில் போட்டி கிடையாது. காட்டுவதே நோக்கம். இந்தியா சார்பில் இந்தியில் 'ஆவாரா', வங்கத்தில் 'பாப்லா', மராத்தியில் 'அமர் பூபாளி', தெற்கிலிருந்து தெலுங்கில் 'பாதாள பைரவி'. தோட்டா ராமுடுவும் நேபாள மாந்திரீகனும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குப் போகும் முதல் நாளே சைக்கிளைப் பறிகொடுக்கும் ஒரு மனிதனின் கதை. மாயாஜாலமும் திருட்டுப்போன சைக்கிளும் ஒரே பட்டியலில் இருந்தன. யார் யாரை ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த விழாவில் இத்தாலியப் படங்களைப் பார்த்த பிமல் ராய் அடுத்த ஆண்டே 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். இரண்டு பீகா நிலம் வைத்திருக்கும் விவசாயி. அந்த நிலத்தில் ஆலை வரவேண்டும் என்கிறார் ஜமீன்தார். கடனை அடைக்க விவசாயி கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கிறான். திரும்பி வரும்போது நிலம் இருந்த இடத்தில் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். காவலாளி அதையும் கீழே போடச் சொல்கிறான். 1954இல் இந்தப் படம் கான் விழாவில் பரிசு வாங்கியது.

படம் பார்த்தவர்களைக் கொண்டு படம் எடுக்க வைப்பதுதான் விழாவின் வேலை என்றால், முதல் விழா போட்டி இல்லாமலேயே அதைச் செய்துவிட்டது. அதில் விளைந்த பெரிய படம் நிலம் போன ஒருவனின் கதையாக அமைந்தது. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவேன்.

*

இரண்டாவது விழா நடக்க 9 ஆண்டுகள் பிடித்தன. 1961இல், டெல்லியில். அதிலும் போட்டி இல்லை. மூன்றாவது விழா 1965 ஜனவரியில், அதுவும் டெல்லியில். அதில்தான் முதன்முறையாகப் போட்டி வைத்தார்கள். நடுவர் குழுவுக்குத் தலைவர் சத்யஜித் ரே. பரிசு தங்க மயில்.

நடுவர்கள் தேர்ந்தெடுத்தது இலங்கையிலிருந்து வந்த 'கம்பெரலிய'. இயக்கியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய நாவலைத் தழுவியது. தென்னிலங்கைக் கிராமத்தின் பெரிய வீடு ஒன்று. அந்த வீட்டுப் பெண் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் பியால், அந்தஸ்தில் ஒரு படி கீழே. காதலிக்கலாம், கல்யாணம் ஆகாது. அவளை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். பியால் நகரத்துக்குப் போய்ப் பணம் பார்க்கிறான். பெரிய வீடு மெல்ல மெல்லச் சிதைகிறது. யாரும் கத்துவதில்லை. எந்தக் காட்சியிலும் ஊர் இடிந்து விழுவதில்லை. ஆனால் படம் முடியும்போது பழைய ஊர் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

'கம' என்றால் கிராமம். 'பெரலிய' என்றால் புரண்டுபோதல், பெயர்தல். எம்.எம். உவைஸ் இந்த நாவலைத் தமிழாக்கியபோது வைத்த தலைப்பு 'கிராமப் பிறழ்வு'.

இந்தப் பரிசில் நம் பக்கத்துச் சரித்திரமும் ஒளிந்திருக்கிறது. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947இல் வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம். எடுத்த இடம் நம் மதுரை. அதன்பின் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டுடியோக்களில், நம் வாய்பாட்டிலேயே உருவாயின. இத்தனை பாட்டு, இத்தனை சண்டை, இடையில் காமெடி டிராக். அதிலிருந்து வெளியே வரத்தான் லெஸ்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போனார். 1956இல் 'ரேகாவ'. 1963இல் 'கம்பெரலிய'. ஸ்டுடியோ செட் இல்லாமல், நிஜ வீட்டில். ஆக, இந்தியாவின் முதல் தங்க மயில் ஒரு வகையில் மெட்ராஸ் பாணியைக் கைவிட்டதற்குக் கிடைத்த பரிசு. நமக்குக் கொஞ்சம் உறைக்கவேண்டிய விஷயம்.

அந்தச் செய்தி தமிழ்நாட்டில் எவ்வளவு பேரை எட்டியிருக்கும்? அந்த ஜனவரி 26ஐ ஒட்டித்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகம் முழுக்கக் கொழுந்துவிட்டது. சிங்களப் படம் பரிசு வாங்கியதைப் பேச யாருக்கு நேரம்? அதற்கு மூன்று மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களை எண்ணிக்கை போட்டுப் பிரித்த ஒப்பந்தம். கையெழுத்தான மை காய்ந்து மூன்று மாதத்தில், அதே டெல்லியில், அதே நாட்டின் படத்துக்கு, 'ஊர் பெயர்தல்' என்ற தலைப்புக்கு, தங்க மயில். யாரும் திட்டமிட்டதில்லை. தற்செயல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

*

அந்த 1965இல் நெய்வேலி எப்படி இருந்தது? எனக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை, நான் பிறக்கவில்லை. அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். பெல்ட்டில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் காதுமடல் வரைக்கும் மண் இருக்கும்.

நெய்வேலியின் கதையை இங்கே எல்லோரும் ஒரு கிணற்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் மேல்மண் முழுக்க அகற்றப்பட்டு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மண்ணை வெட்டும் ராட்சசச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும். மெட்ராஸில் பல்பு எரிய நெய்வேலியில் தண்ணீர் இறைக்கவேண்டும் என்று அப்பா சொல்வார்.

நிலக்கரி மேலே கிடக்கவில்லை. அதன்மேல் ஊர்கள் இருந்தன. வயல், கோயில், சுடுகாடு எல்லாம் இருந்தன. அவை வேறிடம் போயின. அதே வேகத்தில் டவுன்ஷிப் எழுந்தது. பிளாக் பிளாக்காக, நேர்கோட்டுச் சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள். எங்கள் தெருவில் மலையாளி, தெலுங்கர், திருநெல்வேலிக்காரர், வடாற்காட்டார் என்று எல்லோரும் இருந்தார்கள். யாருக்கும் அது சொந்த ஊர் கிடையாது. சொந்த ஊர்க்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். பால் கொண்டு, கீரை கொண்டு, முந்திரிக்கொட்டை கொண்டு.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிய அம்மாவை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன், "உங்க ஊரு எது?" என்று. கையை மைன்ஸ் பக்கம் நீட்டி, "அந்தாண்ட இருந்துச்சு" என்றார். இருக்கிறது என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இறந்தகாலம் படித்துக்கொண்டிருந்த வயது. அது ஊருக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

விழாவுக்குத் திரும்புவோம். 1965க்குப் பிறகு போட்டியின் பாதை நேராகப் போகவில்லை. 1969இல் தங்க மயில் விஸ்கோன்டியின் 'தி டேம்ட்' படத்துக்கு. 1970களின் நடுவில் ஓர் ஏற்பாடு வந்தது. ஓர் ஆண்டு டெல்லியில் போட்டியோடு விழா. அடுத்த ஆண்டு சினிமா எடுக்கும் ஏதாவது ஒரு நகரத்தில் போட்டி இல்லாத விழா. இரண்டாவதற்கு ஃபிலிமோத்சவ் என்று பெயர். 1978இல் மெட்ராசுக்கு வந்தது அதுதான். 1987க்குப் பிறகு போட்டி நின்றே போனது. 1991இல் வரிசையில் நின்ற பெரியவர் எனக்குச் சொன்னது அந்த இடைவெளிக் காலத்துக் கதை.

1996இல் போட்டி திரும்பி வந்தபோது வேறு உருவத்தில் வந்தது. ஆசியப் பெண் இயக்குநர்களுக்கு மட்டும். பிறகு ஆசிய இயக்குநர்கள் எல்லோருக்கும். பிறகு ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவும் சேர்ந்தன. 2004இல் விழா கோவாவில் நிரந்தரமாகக் குடியேறியது. கொஞ்ச காலத்தில் உலகம் முழுவதற்கும் கதவு திறந்தார்கள். இப்போது போட்டியில் 15 படங்கள். தங்க மயிலோடு 40 லட்சம் ரூபாய், இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து.

இந்த 15 படங்களின் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கான், வெனிஸ், பெர்லின் மூன்றும் தங்கள் போட்டிக்கு வேறெங்கும் காட்டாத படத்தைக் கேட்கும். அந்த அந்தஸ்து அவற்றுக்கு இருக்கிறது. கோவா விழா நவம்பரில். மே மாதம் கான் முடிந்து, செப்டம்பரில் வெனிஸ் முடிந்து, உலகம் சுற்றிவந்த படங்கள்தான் கிடைக்கும். 2014இல் கோவாவில் வென்ற ரஷ்யப் படம் 'லெவியதான்' கானில் காட்டியது. 2015இல் வென்ற கொலம்பியப் படம் 'எம்பிரேஸ் ஆஃப் தி செர்பன்ட்' கானிலிருந்து வந்தது. 2024இல் வென்ற லிதுவேனியப் படம் 'டாக்சிக்' அதற்குமுன் லொகார்னோவில் தங்கச் சிறுத்தை வாங்கியது. பழைய சோறு என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோறு பழையதாக இருந்தால் என்ன, பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் இலை போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

தமிழுக்கு எப்போது இலை போட்டார்கள்? தங்க மயில் வாங்கிய இந்தியப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1981இல் கோவிந்த் நிஹலானியின் 'ஆக்ரோஷ்', 2000இல் ஜெயராஜின் மலையாளப் படம் 'கருணம்', 2010இல் கௌதம் கோஷின் வங்கப் படம் 'மோனேர் மானுஷ்', 2012இல் குர்விந்தர் சிங்கின் பஞ்சாபிப் படம் 'அன்ஹே கோடே தா தான்'. தமிழ் இல்லை.

இவற்றில் கடைசிப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஊரின் ஓரத்தில் ஒரு தலித் குடும்பத்தின் வீட்டை இடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாளில் ஊரில் என்ன நடக்கிறது என்பதுதான் படம். வசனம் மிகக் குறைவு. அந்தப் பக்கத்துக் குடும்பத்துப் பையன் ஒருவன் நகரத்தில் ரிக்‌ஷா ஓட்டுகிறான். 1953இல் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தவனும் 2012இல் பஞ்சாபில் ரிக்‌ஷா ஓட்டுபவனும் ஒரே காரணத்துக்காக அதில் உட்கார்ந்தவர்கள். காலடியில் மண் இல்லாமல் போனதால். அறுபது ஆண்டுகளில் விழா போட்டி இல்லாததாகவும், போட்டி உள்ளதாகவும், மறுபடி இல்லாததாகவும், மறுபடி உள்ளதாகவும் மாறிவிட்டது. கதை மாறவில்லை.

போட்டிப் பட்டியலில் தமிழ் வராமலும் இல்லை. 2022இல் கமலக்கண்ணன் இயக்கிய 'குரங்கு பெடல்' அந்த 15இல் ஒன்று. ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து எடுத்தது. வாடகை சைக்கிளில் பழகத் துடிக்கும் ஒரு கிராமத்துப் பையன். டி சிகாவின் சைக்கிளுக்கு இது தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆண்டு வேறு காரணத்துக்காகப் பட்டியல் பேசப்பட்டது. நடுவர் குழுத் தலைவரான இஸ்ரேலிய இயக்குநர் நாதவ் லாபிட் நிறைவு விழா மேடையிலேயே, 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' கலைப் போட்டிக்குப் பொருந்தாத பிரச்சாரம் என்றார். மறுநாள் நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அவர் சொன்னது சரியா தவறா என்று இங்கே வழக்காடப்போவதில்லை. அந்தச் சத்தத்தில் மிச்சம் 14 படங்களின் பெயர் ஒருவர் காதிலும் விழவில்லை என்பதுதான் என் வருத்தம். 2025இல் 'அமரன்' போட்டிக்குப் போனது. அது ஏற்கெனவே தியேட்டர்களில் பெருவெற்றி பெற்ற படம். ஒரு பக்கம் வாடகை சைக்கிள், இன்னொரு பக்கம் ராணுவ வீரர். 1952இல் பாதாள பைரவியையும் டி சிகாவையும் சேர்த்து வைத்த கைகள்தான் இன்னும் பட்டியல் போடுகின்றன போலிருக்கிறது.

*

மூன்று வருடம் முன்பு என் அண்ணன் மகள் மேற்படிப்புக்கு ஜெர்மனி போனாள். கோட்புஸ் என்ற ஊர். போன முதல் மாதம் போன் செய்தாள்.

"சித்தப்பா, இங்கயும் லிக்னைட்தான். பஸ்ல போனா நம்ம மைன்ஸ் மாதிரியே பெரிய பள்ளம். நம்ம ஊர்லேர்ந்து கிளம்பி நம்ம ஊருக்கே வந்துட்டேன்."

அடுத்த நவம்பரில் இன்னொரு போன். "இங்க ஒரு ஃபிலிம் ஃபெஸ்டிவல் நடக்குது. ஊரெல்லாம் போஸ்டர். நீங்க இருந்தா குதிப்பீங்க."

குதிக்கத்தான் செய்தேன். கோட்புஸ் திரைப்பட விழா கிழக்கு ஐரோப்பியப் படங்களுக்கானது. கிழக்கு ஜெர்மனி மேற்கோடு இணைந்த அடுத்த ஆண்டு தொடங்கியது. 1991. நான் மெட்ராஸ் வரிசையில் நின்ற அதே வருடம். போட்டி உண்டு. முதல் பரிசின் பெயர் லுபினா. அது ஜெர்மன் சொல் இல்லை. அந்தப் பகுதியின் சிறுபான்மை இனமான சோர்பியர்களின் மொழி. அன்புக்குரியவள் என்று பொருள்.

சோர்பியர்கள் ஸ்லாவிய மொழி பேசும் மக்கள். அவர்கள் வாழும் லவுசிட்ஸ் பகுதியின் கீழேதான் பழுப்பு நிலக்கரி. சுரங்கத்துக்காக அங்கே முழுதாகவோ பகுதியாகவோ அழிந்த ஊர்கள் 130க்கும் மேல். ஹோர்னோ என்ற கிராமம் ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனது. தோற்றது. 2004இல் அதன் தேவாலயத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மக்கள் புது ஹோர்னோவுக்குப் போனார்கள். அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். காணாமல் போன ஊர்களின் ஆவணக் காப்பகம். ஒவ்வோர் ஊரின் பெயரும் அங்கே இருக்கிறது. கோட்புஸுக்கு வெளியே இருந்த சுரங்கம் 2015இல் மூடப்பட்டு, 2019 முதல் அதில் தண்ணீர் விட்டு ஏரியாக்குகிறார்கள்.

இந்த ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அங்கே நிலக்கரியை நிறுத்தப் போகிறார்கள், இங்கே இன்னும் தேவை இருக்கிறது. அந்த வெளிச்சத்தில்தான் நானும் படித்தேன், அப்பா கொண்டுவந்த சம்பளத்தில்தான் அந்த மெட்ராஸ் டிக்கெட்டையும் வாங்கினேன். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த நிலக்கரி ஊரில் ஊர்களின் பட்டியலும் இருக்கிறது, ஆண்டுதோறும் படங்களின் பட்டியலும் வருகிறது, பரிசின் பெயரை அந்த மண்ணின் மொழியிலேயே வைத்திருக்கிறார்கள்.

நெய்வேலியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. அதையொட்டிக் குறும்படப் போட்டி நடத்திய ஆண்டுகளும் உண்டு. பையன்கள் கடன் வாங்கிய கேமராவில் எடுத்த படங்களை லிக்னைட் ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். சினிமாவில் நெய்வேலியை உலகம் பார்த்தது வேறு விதத்தில். 2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பின்போது விஜய் வேன் மேலே ஏறிக் கூட்டத்தோடு எடுத்துக்கொண்ட அந்த செல்ஃபி. படத்தில் ஆயிரக்கணக்கான தலைகள். அந்தக் கூட்டத்தில் என் தம்பி மகன்கூட இருந்தான், இன்னும் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருக்கிறான்.

அதே ஆண்டில்தான் சோவியத் உதவியில் கட்டிய அந்த முதல் தெர்மல் நிறுத்தப்பட்டது.

*

போன வருடம் 'கம்பெரலிய'வின் ஒரு பிரதி இணையத்தில் கிடைத்தது. மடிக்கணினியில் போட்டேன். அன்றைக்கு அந்தப் பால் ஊற்றிய அம்மா வந்திருந்தார். இப்போது பால் இல்லை, மாடும் இல்லை. 80 வயதுக்கு மேல் இருக்கும். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், திரையில் கறுப்பு வெள்ளையில் தென்னந்தோப்பைப் பார்த்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பாஷ தம்பி இது?"

"சிங்களம். சிலோன் படம்."

அவருக்கு மொழி ஒரு பொருட்டாக இல்லை. வாத்தியார் அந்தப் பெண்ணைப் பார்க்கும் பார்வையைப் பார்த்துவிட்டு, "இது நடக்காது" என்றார். கல்யாணம் வேறிடத்தில் ஆனபோது "சொன்னேன்ல" என்றார். பெரிய வீடு பாழாகத் தொடங்கியதும் பேச்சு நின்றது. படம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்.

"ஊரு போச்சுங்கிறாங்க. வூடு இருக்குதே தம்பி. இடிஞ்சாலும் நிக்குதே."

எனக்குப் பதில் தெரியவில்லை. சத்யஜித் ரே தலைமையிலான நடுவர் குழு ஊர் பெயர்ந்ததைப் பார்த்துத் தங்க மயில் கொடுத்தது. அந்த அம்மாவின் கணக்கில் அது பெயர்ந்த ஊரே இல்லை. பெயர்தல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் படத்திலும் வரவில்லை. 1952இல் இருந்து வந்த பட்டியல்களில் நான் படித்த எந்த வரிசையிலும் அவருடைய ஊர் இல்லை.

அவரிடம் ஊரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். தெருக்களைக் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். வடக்கே அய்யனார், ஏரிக்கரையில் இலுப்பை, அதையொட்டி நாலு வீடு, யார் யார் வீடு, யார் வீட்டில் எத்தனை மாடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எட்டுப் பக்கம் வந்தது. அதற்கப்புறம் இரண்டு முறை வந்து விட்டுப்போனதைச் சேர்த்துச் சொன்னார்.

என் அண்ணன் மகள் படிப்பு முடிந்து அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள். கேமராவும் கொண்டு வருகிறாளாம். நோட்டு மேஜைமேல்தான் இருக்கிறது.